லேண்ட்ஸ்கேப் பக்கத்தில் ஹெடரும் ஃபுட்டரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வேடு, ப்ராஜெக்ட் ரிப்போர்ட், தணிக்கை அறிக்கை எதுவானாலும் பெரும்பாலான பக்கங்கள் நிமிர்ந்துதான் இருக்கும். பதினைந்து நெடுவரிசை உள்ள ஒரு அட்டவணைக்காக நடுவில் இரண்டு மூன்று பக்கங்களைப் படுக்க வைப்போம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கும்: ஹெடர் பாதி வழியில் நிற்கும், பக்க எண் திரும்பவும் 1 என்று வரும், பைண்டிங் முடிந்து வந்த பிறகு பார்த்தால் எண் வேறு ஓரத்தில் இருக்கும். கீழே உள்ள வழிமுறைகள் விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் வேர்டு 2013-க்கும் அதற்குப் பிந்தைய பதிப்புகளுக்கும் எழுதியவை; பழைய பதிப்புகளில் சில டேப் பெயர்கள் சற்று வேறாக இருக்கும். லிப்ரே ஆபீஸ், கூகுள் டாக்ஸ் பற்றிக் கடைசியில் வருகிறது. அளவுகள் எல்லாம் ஏ4 தாளுக்கு, அதாவது 21 × 29.7 செ.மீ.

ஒரு பக்கத்தை மட்டும் லேண்ட்ஸ்கேப்பாக மாற்ற முடியுமா?

முடியும். ஆனால் வேர்டுக்குப் "பக்கம்" என்று தனியாக ஒன்று தெரியாது, செக்‌ஷன்தான் தெரியும். தாளின் திசை, மார்ஜின், ஹெடர், ஃபுட்டர், பக்க எண்ணின் தொடக்கம் எல்லாமே செக்‌ஷனோடு கட்டப்பட்டவை. ஆகவே படுக்க வேண்டிய பகுதிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு செக்‌ஷன் பிரேக் வேண்டும்.

அட்டவணைக்கு மேலே உள்ள காலி வரியில் கர்சரை வைத்து லேஅவுட் > பிரேக்ஸ் > நெக்ஸ்ட் பேஜ் கொடுங்கள். அட்டவணைக்குக் கீழே போய் அதையே இன்னொரு முறை கொடுங்கள். பிறகு கர்சரை அட்டவணைப் பகுதிக்குள் கொண்டுவந்து லேஅவுட் > ஓரியண்டேஷன் > லேண்ட்ஸ்கேப். இப்போது ஆவணத்தில் மூன்று செக்‌ஷன்கள்: முன்பகுதி 1, படுத்த பகுதி 2, பின்பகுதி 3. கீழே எல்லா விளக்கத்துக்கும் இந்த எண்களையே வைத்துக்கொள்வோம்.

பிரேக்ஸ் மெனுவின் மேல்பாதியில் வெறும் "பேஜ்" என்று ஒன்று இருக்கிறது. அது பக்கத்தைத்தான் பிரிக்கும், செக்‌ஷனைப் பிரிக்காது. அதைப் போட்டுவிட்டு லேண்ட்ஸ்கேப் கொடுத்தால் ஆவணம் முழுவதும் படுத்துவிடும். எது எங்கே இருக்கிறது என்று பார்க்க கன்ட்ரோல்+ஷிஃப்ட்+8 அழுத்தினால் மறைகுறிகள் தெரியும். கீழே உள்ள ஸ்டேட்டஸ் பாரில் ரைட் கிளிக் செய்து "செக்‌ஷன்" என்பதையும் டிக் செய்துவிடுங்கள். கர்சர் எந்தச் செக்‌ஷனில் நிற்கிறது என்று எப்போதும் தெரிந்துகொண்டே இருக்கும். இந்த ஒரு டிக் பாதித் தொல்லையைக் குறைக்கும்.

ஹெடரை எந்த ஓரத்தில் வைப்பது? நீள ஓரத்திலா, குறுகிய ஓரத்திலா?

ஆவணம் எங்கே படிக்கப்படப் போகிறது என்பதைப் பொறுத்தது. வேலையைத் தொடங்கும் முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள்.

பிடிஎஃபாக அனுப்பி, திரையில் மட்டும் படிக்கப்போகிறார்கள் என்றால் ஹெடர் லேண்ட்ஸ்கேப் பக்கத்தின் மேலேயே, படிக்கும் திசையிலேயே இருக்கட்டும். அகலத்தைச் சரிசெய்தால் போதும். திரையில் பார்ப்பவருக்கு இடது ஓரத்தில் சாய்ந்து கிடக்கும் பக்க எண் எரிச்சலைத்தான் தரும்.

அச்சிட்டுப் பைண்டிங் செய்யப்போகிறீர்கள் என்றால் கதை வேறு. புத்தகத்தைக் கட்டை விரலால் தள்ளிக்கொண்டே பக்க எண்ணைத் தேடுபவருக்கு எல்லா எண்ணும் ஒரே இடத்தில், ஒரே திசையில் தெரிய வேண்டும். ஆய்வேட்டு விதிமுறைகள் பல இதைத்தான் கேட்கின்றன. அப்போது உள்ளடக்கம் படுத்திருக்கும், ஹெடரும் எண்ணும் நிமிர்ந்த பக்கத்தில் இருக்கும் இடத்திலேயே நிற்கும். வேர்டில் இதற்கென்று ஒரு பட்டன் இல்லை. டெக்ஸ்ட் பாக்ஸ் வைத்து நாமே செய்ய வேண்டும். உங்கள் துறை எதைக் கேட்கிறது என்று விதிமுறையில் பார்த்துவிட்டு இறங்குங்கள். விதி எதுவும் சொல்லவில்லை என்றால் முதல் வழியே போதும்.

லேண்ட்ஸ்கேப் பக்கத்து ஹெடரை மாற்றினால் எல்லாப் பக்கத்திலும் மாறிவிடுகிறதே?

"லிங்க் டு ப்ரீவியஸ்" இணைப்புதான் காரணம். புதிதாக உண்டாகும் ஒவ்வொரு செக்‌ஷனும் தனக்கு முந்தையதன் ஹெடரையே காட்டும்படி பிறக்கிறது. 3 தன் ஹெடரை 2-இடமிருந்து வாங்குகிறது, 2 தனக்கு வேண்டியதை 1-இடமிருந்து வாங்குகிறது. இணைந்திருக்கும் ஹெடரின் வலது ஓரத்தில் "சேம் அஸ் ப்ரீவியஸ்" என்ற சிறு பட்டை தெரியும்.

பலர் 2-இல் மட்டும் இணைப்பை எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குகிறார்கள். 1 தப்பித்துவிடுகிறது; ஆனால் 3 இன்னும் 2-ஐயே பார்த்துக்கொண்டிருப்பதால் பின்னால் வரும் அத்தனை பக்கமும் கெட்டுப்போகிறது. அதனால் வரிசையைப் பின்னாலிருந்து தொடங்குங்கள்:

1. செக்‌ஷன் 3-இன் முதல் பக்கத்தில் ஹெடர் பகுதியை டபுள் கிளிக் செய்யுங்கள். மேலே வரும் ஹெடர் & ஃபுட்டர் டேபில் "லிங்க் டு ப்ரீவியஸ்" அழுத்தி அதன் நிறத்தை அணையுங்கள்.
2. "கோ டு ஃபுட்டர்" அழுத்தி, ஃபுட்டரிலும் அதையே செய்யுங்கள். ஹெடருக்கும் ஃபுட்டருக்கும் இணைப்பு தனித்தனி.
3. செக்‌ஷன் 2-க்கு வந்து ஹெடர், ஃபுட்டர் இரண்டிலும் இணைப்பை எடுங்கள்.
4. இப்போது 2-இல் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

இணைப்பை எடுத்ததும் உள்ளே இருந்த எழுத்து அழியாது. அதன் நகல் அங்கேயே நிற்கும். தவறுதலாக மறுபடி அழுத்தினால், இந்த ஹெடரை அழித்து முந்தைய செக்‌ஷனோடு இணைக்கவா என்று வேர்டு கேட்கும். "நோ" கொடுங்கள்.

இணைப்பை எடுத்த பிறகும் முதல் லேண்ட்ஸ்கேப் பக்கத்தில் ஹெடர் காணவில்லை. ஏன்?

ஒரு செக்‌ஷனுக்கு ஒரு ஹெடர் அல்ல, மூன்று இருக்கலாம்: முதல் பக்கத்துக்கு ஒன்று, இரட்டைப்படைப் பக்கத்துக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று. அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் ஹெடர் வரக்கூடாது என்பதற்காக 1-இல் "டிஃபரன்ட் ஃபர்ஸ்ட் பேஜ்" டிக் செய்திருப்பீர்கள். பிரேக் போடும்போது அந்த டிக் புதிய செக்‌ஷனுக்கும் கூடவே போகிறது. லேண்ட்ஸ்கேப் பகுதி ஒரே பக்கம்தான் என்றால் அந்த ஒரு பக்கமே "முதல் பக்கம்", ஆகவே வெற்று ஹெடர். 2-க்குள் போய் டிக்கை எடுத்தால் வந்துவிடும். 3-இலும் பாருங்கள், அட்டவணை முடிந்து வரும் நிமிர்ந்த பக்கத்திலும் இதே காரணத்தால் எண் காணாமல் போயிருக்கும்.

"டிஃபரன்ட் ஆட் & ஈவன் பேஜஸ்" அப்படியல்ல. அது ஆவணம் முழுமைக்கும் ஒரே டிக். அது இருந்தால் இரட்டைப்படைப் பக்கத்து ஹெடருக்கும் ஃபுட்டருக்கும் இணைப்பைத் தனியே எடுக்க வேண்டும்.

ஹெடரின் வலது பக்க எழுத்து ஓரத்துக்குப் போகாமல் நடுவிலேயே நிற்கிறது.

ஹெடர் ஸ்டைலில் இரண்டு டேப் ஸ்டாப் (டேப் விசையை அழுத்தினால் எழுத்து போய் நிற்கும் இடம்) ஏற்கெனவே இருக்கும்: நடுவுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. ஏ4-இல் நான்கு பக்கமும் 2.54 செ.மீ. மார்ஜின் என்றால் எழுத்துப் பகுதியின் அகலம் 15.92 செ.மீ.; நடு டேப் 7.96-இல், வலது டேப் 15.92-இல் இருக்கும். பக்கத்தைப் படுக்க வைத்ததும் அகலம் 24.62 ஆகிறது, டேப் மட்டும் நகராது. அதனால்தான் வலது ஓரத்து எழுத்து ஒன்பது செ.மீ. முன்னாலேயே நின்றுவிடுகிறது. அமெரிக்க லெட்டர் தாளுக்கான வார்ப்பிலிருந்து வந்த ஆவணம் என்றால் டேப்கள் 3.25, 6.5 அங்குலத்தில் இருக்கும். நிமிர்ந்த ஏ4 பக்கத்திலேயே வலது எழுத்து அரை செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

லேண்ட்ஸ்கேப் செக்‌ஷனின் ஹெடரில் ரூலரைப் பிடித்து டேப்களை 12.31, 24.62-க்கு இழுக்கலாம். அதைவிட நல்ல வழி அலைன்மென்ட் டேப். நடு எழுத்துக்கு முன்னால் இருக்கும் டேபை அழித்துவிட்டு, ஹெடர் & ஃபுட்டர் > இன்சர்ட் அலைன்மென்ட் டேப் > சென்டர், "மார்ஜின்" என்பதைத் தேர்ந்து ஓகே. வலது எழுத்துக்கு முன்னாலும் அப்படியே, ரைட் என்று. இந்த டேப் செ.மீ. கணக்கில் நிற்பதில்லை, மார்ஜின் எங்கே இருக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். ஆவணத்தின் முதல் செக்‌ஷனிலேயே இதைச் செய்துவிட்டால், திரையில் மட்டும் படிக்கும் ஆவணத்துக்கு இணைப்பையே எடுக்க வேண்டாம். ஒரே ஹெடர் இரண்டு திசையிலும் சரியாக விரியும். பழைய டாக் (.doc) வடிவில் சேமித்த கோப்பில் இந்தப் பட்டன் மங்கலாக இருக்கும். டாக்ஸ் (.docx) வடிவுக்கு மாற்றினால் வேலை செய்யும்.

ஹெடரில் கோடு போட்ட அட்டவணை இருந்தால் டேபிள் ப்ராப்பர்ட்டீஸில் ப்ரிஃபர்ட் வித்தை 100 சதவீதம் என்று கொடுங்கள். செ.மீ.-இல் கொடுத்திருந்தால் அதுவும் பாதியில் நிற்கும்.

ஹெடருக்குக் கீழே உள்ள கோடும் பாதியில் முடிகிறதே?

அது இன்சர்ட் > ஷேப்ஸ் மூலம் வரைந்த கோடு. அழித்துவிட்டு ஹெடர் பத்திக்கு பாட்டம் பார்டர் கொடுங்கள். பார்டர் மார்ஜினிலிருந்து மார்ஜின் வரை தானாகவே போகும்.

பைண்டிங் செய்தால் லேண்ட்ஸ்கேப் பக்கத்தின் எந்த ஓரம் எங்கே போகும்?

டெக்ஸ்ட் பாக்ஸை எங்கே வைப்பது என்பது முழுக்க இதில்தான் இருக்கிறது. மனக்கணக்கில் குழம்புகிறவர்கள் ஒரு தாளை எடுத்துப் படுக்க வைத்து, நான்கு ஓரத்திலும் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்.

மரபு இதுதான்: படுத்த அட்டவணையின் தலை, புத்தகத்தில் இடது பக்கம் பார்த்திருக்க வேண்டும். வாசகர் புத்தகத்தைக் கடிகார முள் திசையில் கால் சுற்று திருப்பினால் அட்டவணை நேராகும். ஒற்றைப் பக்க அச்சில் பைண்டிங் எப்போதும் இடப்பக்கம் என்பதால், லேண்ட்ஸ்கேப்பின் மேல் ஓரம் தையலுக்குள் போகிறது. மற்ற ஓரங்களைத் திரையில் தெரியும் லேண்ட்ஸ்கேப்பை வைத்துச் சொன்னால்: அதன் இடது ஓரம் புத்தகத்தில் பக்கத்தின் அடி, வலது ஓரம் பக்கத்தின் தலை, கீழ் ஓரம் பக்கத்தின் வெளி ஓரம்.

ஆகவே நிமிர்ந்த பக்கத்தில் அடியில் நடுவே எண் இருந்தால், லேண்ட்ஸ்கேப்பில் அது இடது ஓரத்தின் நடுவே இருக்க வேண்டும். மேல் வலது மூலையில் இருந்தால் லேண்ட்ஸ்கேப்பின் கீழ் வலது மூலை. இரண்டிலும் எழுத்து 90 பாகை கடிகார முள் திசையில் சாய்ந்திருக்க வேண்டும்.

அடியில் நடுவே வரும் பக்க எண்ணை லேண்ட்ஸ்கேப்பில் எப்படி வைப்பது?

மார்ஜின்கள் இடது 3.8, வலது 2.5, மேல் 3, அடி 2.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

1. 3-இலும் 2-இலும் இணைப்புகளை எடுத்துவிட்டீர்கள் என்பதை உறுதி செய்யுங்கள். 2-இன் ஃபுட்டரில் இருக்கும் பழைய எண்ணை அழியுங்கள்.
2. 2-இன் ஹெடருக்குள் கர்சரை வைத்து இன்சர்ட் > டெக்ஸ்ட் பாக்ஸ் > டிரா டெக்ஸ்ட் பாக்ஸ். எங்கேயாவது ஒரு சிறு பெட்டி வரையுங்கள். ஹெடருக்குள் இருந்து வரைவது முக்கியம். பக்கத்தின் உடலில் நின்று வரைந்தால் அந்த ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும்.
3. ஷேப் ஃபார்மேட் டேபில் அளவு: உயரம் 3 செ.மீ., அகலம் 1 செ.மீ. ஷேப் ஃபில், ஷேப் அவுட்லைன் இரண்டுக்கும் "நோ".
4. டெக்ஸ்ட் டைரக்‌ஷன் > ரொட்டேட் ஆல் டெக்ஸ்ட் 90. இதற்குப் பக்கத்திலேயே 270 இருக்கிறது. அதைத் தொட்டால் எண் புத்தகத்தில் தலைகீழாக நிற்கும்.
5. பெட்டிக்குள் கிளிக் செய்து ஆல்ட்+ஷிஃப்ட்+பி (P) அழுத்துங்கள். பக்க எண் ஃபீல்டு (பக்கத்துக்கு ஏற்பத் தானாக மாறும் எண்) வந்து உட்காரும். பத்தியை நடுவில் அலைன் செய்து, பத்திக்கு முன் பின் இடைவெளியை 0 ஆக்குங்கள். எழுத்துருவும் அளவும் நிமிர்ந்த பக்க எண்ணோடு ஒத்துப்போக வேண்டும்.
6. பெட்டியின் ஓரத்தில் ரைட் கிளிக் > ஃபார்மேட் ஷேப். உள் மார்ஜின் நான்கையும் 0 ஆக்குங்கள்.
7. ரைட் கிளிக் > மோர் லேஅவுட் ஆப்ஷன்ஸ். டெக்ஸ்ட் ராப்பிங்கில் "இன் ஃப்ரன்ட் ஆஃப் டெக்ஸ்ட்". பொசிஷன் டேபில் ஹரிசான்டல்: ஆப்சல்யூட் பொசிஷன் 1 செ.மீ., "பேஜ்" என்பதன் வலப்பக்கம். வெர்டிகல்: அலைன்மென்ட் சென்டர்ட், "மார்ஜின்" என்பதை ஒட்டி. "மூவ் ஆப்ஜெக்ட் வித் டெக்ஸ்ட்" டிக்கை எடுங்கள். "லாக் ஆங்கர்" டிக் செய்யுங்கள்.

கடைசிப் படியில் வெர்டிகலுக்கு ஏன் "பேஜ்" அல்லாமல் "மார்ஜின்"? நிமிர்ந்த பக்கத்தில் நடு என்பது தாளின் நடு அல்ல, எழுத்துப் பகுதியின் நடு. 21-இலிருந்து 3.8, 2.5 போனால் 14.7, அதில் பாதி 7.35, இடது ஓரத்திலிருந்து 11.15 செ.மீ. தாளின் நடுவோ 10.5. "பேஜ்" கொடுத்தால் ஆறரை மில்லிமீட்டர் விலகல் வரும். ஒரு தாளில் பார்த்தால் தெரியாது. பக்கங்களைப் புரட்டும்போது எண் குதிப்பது நன்றாகவே தெரியும்.

லதா, நிர்மலா போன்ற தமிழ் எழுத்துருக்களுக்கு வரி உயரம் அதிகம். பெட்டியில் எண்ணோடு தமிழ்ச் சொல்லும் வருமானால் 1 செ.மீ. அகலம் போதாமல் எழுத்தின் தலை வெட்டுப்படலாம். அகலத்தை 1.2 ஆக்கி, ஹரிசான்டல் இடத்தை 0.9 ஆக்கிப் பாருங்கள்.

எண் மேல் வலது மூலையில் வர வேண்டும், 20 மி.மீ. கீழே, கடைசி இலக்கம் வலது மார்ஜினோடு ஒட்டி. லேண்ட்ஸ்கேப்பில்?

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்களில் அடிக்கடி பார்க்கும் விதி இது. படிகள் மேலே சொன்னவையே. மூன்று இடத்தில் மட்டும் மாற்றம். பெட்டிக்குள் பத்தியை ரைட் அலைன் செய்யுங்கள். எழுத்து சாய்ந்திருப்பதால் "வலது" என்பது பெட்டியின் கீழ்ப்பக்கம். வெர்டிகல் அலைன்மென்ட் "பாட்டம்", மார்ஜினை ஒட்டி. கடைசி இலக்கம் மார்ஜின் கோட்டில் வந்து நிற்கும். ஹரிசான்டலில் பெட்டியின் வலது விளிம்பு தாளின் வலது ஓரத்திலிருந்து 2 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும்: 29.7-இலிருந்து 2-உம் பெட்டி அகலம் 1-உம் போக 26.7 செ.மீ., "பேஜ்" என்பதன் வலப்பக்கம். லேண்ட்ஸ்கேப்பின் வலது மார்ஜின் 3 முதல் 3.5 செ.மீ. இருக்கும்போதுதான் அட்டவணை இந்தப் பெட்டியில் இடிக்காது.

டெக்ஸ்ட் பாக்ஸுக்குப் பதில் ஒற்றைக் கட்ட அட்டவணை வைத்தால்?

வைக்கலாம்; சிலர் அதையே விரும்புகிறார்கள். ஹெடரில் ஒரு கட்ட அட்டவணை போட்டு, டெக்ஸ்ட் டைரக்‌ஷன் மாற்றி, டேபிள் ப்ராப்பர்ட்டீஸில் ராப்பிங்கை "அரவுண்ட்" ஆக்கி, "பொசிஷனிங்" மூலம் ஓரத்துக்குத் தள்ள வேண்டும். அரவுண்ட் கொடுக்க மறந்தால் அட்டவணை ஹெடரின் உயரத்தை ஊதிப் பெரிதாக்கி, பக்கத்தின் உள்ளடக்கத்தைக் கீழே தள்ளிவிடும். வேறு மென்பொருளில் திறக்கப்படும் கோப்பு என்றால் அட்டவணை சற்று உறுதியாக நிற்கிறது. வேர்டிலேயே முடியும் வேலைக்கு டெக்ஸ்ட் பாக்ஸ் போதும்.

படுக்க வைத்ததும் மார்ஜின்கள் மாறிவிட்டன. தவறா?

தவறல்ல. தாளோடு சேர்த்து மார்ஜின்களையும் வேர்டு சுற்றுகிறது. பைண்டிங்குக்கு நீங்கள் விட்ட இடது 3.8 இப்போது லேண்ட்ஸ்கேப்பின் மேலே இருக்க வேண்டும். லேஅவுட் > மார்ஜின்ஸ் > கஸ்டம் மார்ஜின்ஸ் திறந்து சரிபாருங்கள். நம் எடுத்துக்காட்டில் மேல் 3.8, கீழ் 2.5, இடது 2.5, வலது 3 என்று இருந்தால் சரி. இல்லையென்றால் கையால் மாற்றி, "அப்ளை டு" என்பதில் "திஸ் செக்‌ஷன்" கொடுங்கள். அங்கே "ஹோல் டாக்குமென்ட்" என்று இருந்துவிட்டால் எல்லாப் பக்கமும் படுத்துவிடும்.

பைண்டிங் இடத்துக்காக "கட்டர்" என்ற பெட்டியில் எண் கொடுக்கும் பழக்கத்தை, லேண்ட்ஸ்கேப் கலந்த ஆவணத்தில் விட்டுவிடுவது நல்லது. அதை இடது மார்ஜினிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஹெடரின் தூரம், அதாவது ஓரத்திலிருந்து 1.27 செ.மீ. என்று இருக்கும் அளவு, தாளோடு சுற்றாது. அது எப்போதும் திரையில் தெரியும் மேல், கீழ் ஓரத்துக்கே.

இருபக்கமும் அச்சிட்டால்?

இங்கேதான் வேர்டு கைவிடுகிறது. அட்டவணையின் தலை இடது பக்கம் பார்க்க வேண்டும் என்ற மரபு இரட்டைப்படைப் பக்கத்துக்கும் பொருந்தும். ஆனால் அந்தப் பக்கத்தில் தையல் வலப்பக்கம். எனவே ஒற்றைப்படைப் பக்கத்தில் லேண்ட்ஸ்கேப்பின் மேல் ஓரம் தையலுக்குள் போகிறது, இரட்டைப்படையில் கீழ் ஓரம் போகிறது. "மிரர் மார்ஜின்ஸ்" இடது வலதைத்தான் மாற்றும். மேல் கீழை மாற்றாது.

நடைமுறைத் தீர்வு: லேண்ட்ஸ்கேப் செக்‌ஷனில் மேல், கீழ் மார்ஜின் இரண்டையும் பைண்டிங் அளவுக்கே வையுங்கள், உதாரணமாக 3.5 வீதம். மிரர் மார்ஜின்ஸ் இயங்கும் ஆவணம் என்றால் இடதும் வலதும் சமமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பக்கத்துக்குப் பக்கம் அவை இடம் மாறும். எண் அடியில் நடுவே என்றால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே பெட்டி போதும். வெளி மூலையில் என்றால் ஒற்றைப்படை ஹெடரில் கீழ் மூலையிலும், இரட்டைப்படை ஹெடரில் மேல் மூலையிலும் தனித்தனிப் பெட்டி வேண்டும். அட்டவணையில் ஒரு வரி கூடி முன்னால் ஒரு பக்கம் அதிகமானாலும் ஒற்றை இரட்டையாகிவிடும். தனித்தனி ஹெடரில் வைத்திருந்தால் அதை வேர்டே பார்த்துக்கொள்ளும்.

லேண்ட்ஸ்கேப் பக்கத்தில் எண் மறுபடி 1-இலிருந்து வருகிறது.

பக்க எண்ணில் ரைட் கிளிக் > ஃபார்மேட் பேஜ் நம்பர்ஸ் > "கன்டின்யூ ஃப்ரம் ப்ரீவியஸ் செக்‌ஷன்". 2-இலும் 3-இலும் கொடுக்க வேண்டும். லிங்க் டு ப்ரீவியஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை. முன்பகுதியில் ரோமன் எண் இருந்தால் எண் வடிவத்தையும் அங்கேயே பாருங்கள். ஒரு செக்‌ஷனில் 34, அடுத்ததில் "எக்ஸ்எக்ஸ்எக்ஸ்வி" என்று வருவது இதனால்தான்.

அட்டவணைக்குப் பிறகு ஒரு வெற்று லேண்ட்ஸ்கேப் பக்கம் வருகிறது. அழிக்க முடியவில்லை.

அட்டவணைக்குப் பிறகு ஒரு பத்தி இருந்தே தீர வேண்டும் என்பது வேர்டின் விதி. செக்‌ஷன் பிரேக் அந்தப் பத்தியில்தான் இருக்கிறது. அட்டவணை பக்கத்தின் கடைசி வரி வரை நிறைந்துவிட்டால் அந்தப் பத்தி அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படுகிறது. அதைத் தேர்ந்தெடுத்து எழுத்தளவை 1 ஆக்குங்கள். வரி இடைவெளி "எக்ஸாக்ட்லி" 1 பாயின்ட், முன் பின் இடைவெளி 0. பெரும்பாலும் அது முந்தைய பக்கத்துக்குள் நுழைந்துவிடும். அப்போதும் நுழையவில்லை என்றால் அட்டவணையில் ஏதாவது ஒரு வரியின் உயரத்தைக் குறைக்க வேண்டியதுதான். இதெல்லாம் செய்தும் போகவில்லை என்றால் பிரேக் "ஆட் பேஜ்" வகையா என்று பாருங்கள். அது ஒற்றைப்படைப் பக்கத்துக்காக நடுவில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் தானே விடும்.

செக்‌ஷன் பிரேக்கை அழித்தேன். நிமிர்ந்த பக்கங்கள் எல்லாம் படுத்துவிட்டன!

கன்ட்ரோல்+இசட் அழுத்துங்கள், உடனே.

ஒரு செக்‌ஷனின் அமைப்பு முழுவதும் அதன் முடிவில் இருக்கும் பிரேக்கில்தான் சேமிக்கப்படுகிறது. அந்தப் பிரேக்கை அழித்தால் மேலே உள்ள பகுதி, கீழே உள்ள பகுதியின் அமைப்பை எடுத்துக்கொள்ளும். 1-க்கும் 2-க்கும் நடுவில் உள்ளதை அழித்தால் 1 போய் 2-ஆகிறது: படுக்கிறது, ஹெடரும் மாறுகிறது. லேண்ட்ஸ்கேப்பை நீக்கி எல்லாவற்றையும் நிமிர்ந்ததாக்க வேண்டும் என்றால், முதலில் 2-க்குப் பின்னால் உள்ள பிரேக்கை அழியுங்கள். 2 இப்போது 3-இன் அமைப்புக்கு, அதாவது நிமிர்ந்ததுக்கு, வந்துவிடும். பிறகு 1-க்குப் பின்னால் உள்ளதை அழியுங்கள். அதற்கு முன் 3-இன் ஹெடரும் 1-இன் ஹெடரும் ஒன்றுதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், மிஞ்சப்போவது 3-இனுடையது.

பத்து இடங்களில் லேண்ட்ஸ்கேப் வருகிறது. ஒவ்வொரு முறையும் பெட்டி வரைய வேண்டுமா?

வேண்டாம். முதல் பெட்டியைச் சரியாகச் செய்து முடித்ததும், ஹெடருக்குள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து இன்சர்ட் > ஹெடர் > "சேவ் செலக்‌ஷன் டு ஹெடர் கேலரி" கொடுத்து ஒரு பெயர் வையுங்கள். அடுத்த லேண்ட்ஸ்கேப் செக்‌ஷனில் இணைப்பை எடுத்துவிட்டு கேலரியிலிருந்து அதைத் தேர்ந்தால் அளவு, இடம், திசை எல்லாம் அப்படியே வரும். முன்னாலும் பின்னாலும் உள்ள செக்‌ஷன்களில் இணைப்பை எடுக்கும் வேலை மட்டும் ஒவ்வொரு முறையும் உண்டு. அதற்குக் குறுக்குவழி கிடையாது. பத்து அட்டவணையையும் பின்னிணைப்புக்கு நகர்த்தி ஒரே லேண்ட்ஸ்கேப் செக்‌ஷனாக்க முடியுமா என்று வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். பல நேரம் சரி என்பார்கள்.

ஹெடரில் அத்தியாயப் பெயரும் வர வேண்டும்.

கையால் அடிக்காதீர்கள். பெட்டிக்குள் கர்சரை வைத்து இன்சர்ட் > குயிக் பார்ட்ஸ் > ஃபீல்டு. பட்டியலில் "ஸ்டைல்ரெஃப்", அதில் "ஹெடிங் 1". அத்தியாயத் தலைப்பு மாறினால் இதுவும் மாறும். பெயர் நீளமாக இருந்தால் பெட்டியின் உயரத்தை 14 செ.மீ. வரை கூட்டிக்கொள்ளுங்கள், சாய்ந்த எழுத்துக்குப் பெட்டியின் உயரம்தான் வரியின் நீளம்.

ஒரே ஒரு படத்துக்காக இவ்வளவும் செய்ய வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். வரைபடம், வரைகலை, ஸ்கேன் செய்த தாள் போன்ற படங்களுக்கு செக்‌ஷன் பிரேக்கே தேவையில்லை. நிமிர்ந்த பக்கத்திலேயே படத்தைச் செருகி, பிக்சர் ஃபார்மேட் > ரொட்டேட் > ரொட்டேட் லெஃப்ட் 90 கொடுங்கள். படத்தின் தலை இடது பக்கம் வந்துவிடும். ஹெடர், ஃபுட்டர், எண் எதையும் தொடவில்லை. படத்தின் விளக்க வரி மட்டும் நிமிர்ந்து நிற்கும். அதைப் பெரும்பாலான விதிமுறைகள் பொருட்படுத்துவதில்லை. இனி திருத்தம் வராத எக்செல் அட்டவணையையும் படமாக ஒட்டி இப்படித் திருப்பலாம். ஒரு பக்கத்துக்கு மேல் ஓடும் அட்டவணைக்கு மட்டும் இது உதவாது.

லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் எப்படி?

ரைட்டரில் செக்‌ஷன் இணைப்புத் தொல்லை இல்லை. ஹெடர் பக்க ஸ்டைலோடு போகிறது. "லேண்ட்ஸ்கேப்" என்று ஒரு பக்க ஸ்டைல் ஏற்கெனவே இருக்கும். இன்சர்ட் > மோர் பிரேக்ஸ் > மேனுவல் பிரேக் திறந்து, பேஜ் பிரேக், ஸ்டைலாக லேண்ட்ஸ்கேப் தேர்ந்தெடுங்கள். "சேஞ்ச் பேஜ் நம்பர்" டிக் இல்லாமல் இருக்கட்டும். அட்டவணைக்குப் பிறகு அதேபோல் இன்னொரு பிரேக், "டிஃபால்ட் பேஜ் ஸ்டைல்" என்று. லேண்ட்ஸ்கேப் ஸ்டைலுக்கு ஹெடர் தானாக வராது. அந்த ஸ்டைலின் ஹெடர் டேபில் "ஹெடர் ஆன்" டிக் செய்ய வேண்டும்.

எண்ணை ஓரத்தில் சாய்த்து வைக்க, ஹெடரில் ஒரு ஃப்ரேம் செருகி, எண்ணைத் தேர்ந்தெடுத்து ஃபார்மேட் > கேரக்டர் > பொசிஷன் டேபில் 270 பாகை கொடுங்கள். ஆம், இங்கே 270. ரைட்டர் கோணத்தை எதிர்த்திசையில் எண்ணுகிறது. ஃப்ரேம் ஹெடரை விட்டு நகர மறுத்தால் "ஃபாலோ டெக்ஸ்ட் ஃப்ளோ" டிக்கை எடுங்கள்.

கூகுள் டாக்ஸில்?

அட்டவணையைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்தால் பக்கத்தை லேண்ட்ஸ்கேப்பாக மாற்றும் தேர்வு வரும். பிரேக்குகளை அதுவே போட்டுக்கொள்ளும். ஹெடரில் "லிங்க் டு ப்ரீவியஸ்" இங்கேயும் உண்டு. சாய்ந்த பக்க எண்ணுக்கு நேரடி வழி இல்லை. பைண்டிங் ஆவணம் என்றால் வேர்டு கோப்பாக (.docx) இறக்கி வேர்டில் முடியுங்கள்.

அச்சுக் கடைக்கு எந்தக் கோப்பைக் கொடுப்பது?

பிடிஎஃப் மட்டும். கடையின் கணினியில் வேர்டு கோப்பைத் திறந்தால் எழுத்துரு இல்லாமலோ, வேறு பதிப்பாலோ பெட்டிகள் நகரலாம். ஓரத்து எண் தாளின் விளிம்பிலிருந்து 1 செ.மீ.-க்குக் குறையாமல் இருக்கட்டும். விளிம்பை ஒட்டிய சில மில்லிமீட்டரைப் பிரிண்டர்கள் அச்சிடுவதில்லை. "ஃபிட்" என்று போடாமல் 100 சதவீதத்தில் அச்சிடச் சொல்லுங்கள்.

ஒற்றைப் பக்க அச்சில், பிரிண்டர் லேண்ட்ஸ்கேப் தாளை எந்தத் திசையில் துப்பினாலும் கவலையில்லை. அட்டவணையின் தலை தையல் பக்கம் வரும்படி தாளைக் கையால் திருப்பி அடுக்கிவிடலாம், எண் தானாக அடிக்கு வந்துவிடும். அடுக்குவது கடைக்காரர் என்றால் லேண்ட்ஸ்கேப் பக்க எண்களை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்து, தைப்பதற்கு முன் அந்தத் தாள்களை நீங்களே ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இருபக்க அச்சில் அப்படித் திருப்ப முடியாது. அதனால் ஒரு நிமிர்ந்த பக்கமும் அதன் முதுகில் ஒரு லேண்ட்ஸ்கேப் பக்கமும் வரும்படி இரண்டு பக்கத்தை மட்டும் முதலில் அச்சிட்டுப் பாருங்கள். தலை வலது பக்கம் பார்த்து வந்தால் பிரிண்டர் அமைப்பில் "ரொட்டேட்டட் லேண்ட்ஸ்கேப்" போன்ற தேர்வு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பிடிஎஃபில் அந்தப் பக்கங்களை மட்டும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கால் சுற்று திருப்பி, நிமிர்ந்த தாளாகவே அனுப்புங்கள்.